940 பேர் குழு, பதில் சொல்ல நான் ஒருத்தி... கலைத்துவிடட்டுமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

கோவைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கும் இல்லத்தரசி எழுதியிருக்கிறார். 2020 ஊரடங்கில் மாடியில் நாலு க்ரோ பேக் வைத்து ஆரம்பித்தவர், தெருவிலும் உறவிலுமாகப் பதினொரு பேரைச் சேர்த்து ஒரு மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழு தொடங்கினார். இன்று அதில் 940 பேர். போன வருடம் குழுவின் சார்பில் ஒரு விதைத் திருவிழா நடத்தியிருக்கிறார்கள். 214 பேர் தலைக்கு 300 ரூபாய் கொடுத்தார்கள். பணம் முழுவதும் இவருடைய சொந்தக் கணக்குக்கு ஜிபே வழியாக வந்தது. மண்டபம், சாப்பாடு, நாற்காலி, பந்தல் எல்லாம் போக 12,850 ரூபாய் மீதி. அது இன்னும் இவர் கணக்கிலேயே இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஓர் உறுப்பினர், 'நாட்டு விதை கிட்' என்று 850 ரூபாய்க்குக் குழுவில் விற்றார். முப்பது பேர்வரை வாங்கினார்கள். பெரும்பாலும் முளைக்கவே இல்லை. விற்றவர் குழுவை விட்டுப் போய்விட்டார், போனையும் எடுப்பதில்லை. வாங்கிய ஒருவர், "அட்மின் மேலதான் கம்ப்ளைன்ட் கொடுப்பேன்" என்று குழுவிலேயே எழுதிவிட்டார். கூட இருக்கும் இன்னொரு அட்மினோ, "குழுவை என்கிட்ட விட்டுடுங்க, ஐயாயிரம் பேர் ஆக்கிக் காட்டுறேன்" என்கிறார். கணவர், "வேண்டாத வேலை, கலைச்சுடு" என்கிறார். ராத்திரி பன்னிரண்டு மணிவரை மாவுப்பூச்சிக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன் என்று எழுதியிருக்கிறார். போலீஸ் என்னைப் பிடிக்குமா, சங்கமாகப் பதிவு செய்தால் தப்பிக்கலாமா, குழுவை வளர்ப்பதா மூடுவதா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பயப்பட வேண்டாத விஷயத்துக்கு ரொம்பவும் பயந்திருக்கிறீர்கள். கவனிக்க வேண்டிய விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது எதுவோ, அதைப் பேசுவோம்.

அட்மின் என்பதாலேயே குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள்

"குழுவில் யார் எதைப் போட்டாலும் அட்மின்தான் உள்ளே போகணும்" என்று பல வருடமாக ஒரு ஃபார்வர்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. அது சட்டம் அல்ல. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021 மார்ச்சில் இதைத் தெளிவாகச் சொன்னது: அட்மினுக்கு இருப்பது ஆளைச் சேர்ப்பது, நீக்குவது போன்ற சின்ன அதிகாரம், உறுப்பினர் போடுவதை முன்கூட்டியே பார்த்துத் தடுக்க அவரால் முடியாது, இருவரும் பேசிவைத்துச் செய்திருந்தால் ஒழிய அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. அதே வருடம் டிசம்பரில் நம் மதுரைக் கிளைக்கு, கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றைப் பற்றிய வழக்கு வந்தது. மனுதாரர் வெறும் அட்மினாக மட்டும் இருந்திருந்தால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்றார் நீதிபதி. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் இதையே சொன்னது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நீங்களே ஒன்றை அனுப்பினால், அது ஃபார்வர்டாகவே இருந்தாலும், பொறுப்பு உங்களுடையது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்தவர், படிக்காமல் அனுப்பிவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இன்னொன்று, குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசம் ஏதாவது குழுவில் வந்து விழுந்தால், போட்டவரை உடனே நீக்கி, சைபர் குற்ற இணையதளத்தில் புகார் பதியுங்கள். 'ஆதாரம்' என்று சொல்லி அதை வேறு யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். அனுப்புவதே குற்றம்.

குழுவின் முகப்பில் 'பதிவுகளுக்கு அட்மின் பொறுப்பல்ல' என்று போட்டிருப்பதால் பாதுகாப்பு என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த வரியால் பெரிய நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பதைத்தான் யாரும் பார்ப்பார்கள்.

'நம்பி வாங்கலாம்' என்ற அந்த ஒரு வரி

அதனால்தான் உங்கள் கடிதத்தின் நடுவில் வந்த ஒரு வாக்கியத்தில் நான் நின்றுவிட்டேன். அந்த விற்பனைப் பதிவுக்குக் கீழே, "நல்ல மனுஷர், நம்பி வாங்கலாம்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்பு அவர் உங்களுக்கு ஒரு கிட் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். இதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. வழக்கு என்று ஒன்று வந்தால், அட்மின் பதவியை விட இந்த வரிதான் பேசப்படும்.

மோசடி என்று சொல்ல வேண்டுமானால் ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்திருக்க வேண்டும். நீங்கள் நம்பித்தான் சொன்னீர்கள், கமிஷன் வாங்கவில்லை, உங்கள் கிட்டும் முளைக்கவில்லை. அவரோடு கூட்டுச் சேர்ந்தீர்கள் என்று காட்டுவது கஷ்டம். ஆனால் அந்த இலவச கிட் விஷயம் நாளை வேறொருவர் வாயிலிருந்து வெளிவந்தால் பார்ப்பவர்களுக்கு வேறு மாதிரித் தோன்றும். நீங்களே குழுவில் சொல்லிவிடுங்கள். "அவர் எனக்கு ஒரு கிட் சும்மா கொடுத்தார். அதைப் போட்டு முளைக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே நம்பி வாங்கலாம் என்று எழுதிவிட்டேன். அது என் தவறு" என்று நாலு வரி போதும்.

அடுத்து, வாங்கியவர்கள் பக்கம் போய் நில்லுங்கள். விற்றவரின் எண், பணம் போன விவரம், விளம்பரப் பதிவு எல்லாவற்றையும் ஒரு இடத்தில் சேர்த்துக் கொடுங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ல் கூப்பிடலாம், சைபர் குற்ற இணையதளத்தில் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இவ்வளவு சின்னத் தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது, மனுவை இணையத்திலேயே போடலாம். விற்றவர் மேல் முப்பது பேரும் சேர்ந்து புகார் கொடுத்தால் உங்களைக் குற்றம் சொல்லும் அந்த ஒருவரின் கோபமும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேரும். உங்கள் கைப்பணத்திலிருந்தோ திருவிழா மீதியிலிருந்தோ யாருக்கும் திருப்பிக் கொடுக்காதீர்கள். அந்த மீதி வேறு ஆட்களுடைய பணம்.

கணவர் சொல்வதுபோல் இப்போது குழுவைக் கலைக்கவோ செய்திகளை அழிக்கவோ வேண்டாம். புகார் வரும் என்று தெரிந்த பிறகு அழித்தால், மறைக்க ஏதோ இருந்தது போலாகிவிடும். அந்தப் போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு இப்போதுள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அசல் கருவி கையில் இருப்பது நல்லது.

விசாரணை என்று அழைப்பு வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆவது பிரிவு அது. "ஸ்டேஷனுக்கு வாம்மா" என்று போனில் யாராவது அதட்டினால், எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த 12,850 ரூபாய்

நீங்கள் போகிற போக்கில் சொன்னது இதுதான். எனக்கு எல்லாவற்றையும் விட இதுதான் கவலை.

"நான் ஒரு பைசா எடுக்கவில்லை, அப்புறம் எதற்குக் கணக்கு?" என்று கேட்கிறீர்கள். எடுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 214 பேருக்கு அது எப்படித் தெரியும்? ஒரு காரியத்துக்காகப் பிறர் கொடுத்த பணம் உங்கள் கையில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அது நம்பி ஒப்படைத்த பணம். நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துப் பயன்படுத்தினால்தான் நம்பிக்கை மோசடி என்ற குற்றம் வரும். ஆனால் வீட்டுச் செலவுக் கணக்கோடு அது கலந்து கிடந்தால், எந்த ரூபாய் எதற்குப் போனது என்று உங்களாலேயே ஒரு நாள் சொல்ல முடியாமல் போய்விடும். விதை கிட் தகராறு நடக்கும்போதே யாராவது "திருவிழாக் கணக்கு என்ன ஆச்சு?" என்று ஆரம்பித்தால், இரண்டும் ஒரே மூட்டையாகிவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு குழு தொடங்கினோம். பொது மோட்டார் பழுதுபார்க்கத் தலைக்கு இருநூறு வசூல். கணக்கை வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற அம்மா ஒருவர். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டில் நீல மையில் வரவு இடது பக்கம், செலவு வலது பக்கம். மாதம் முதல் தேதி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுவார், பக்கத்திலேயே எலக்ட்ரீஷியன் கொடுத்த துண்டுச்சீட்டு. ஒரு முறை பதினைந்து ரூபாய் இடித்தது. "பதினைந்து ரூபாய் இடிக்கிறது, நினைவு வரவில்லை, என் கையிலிருந்து போட்டிருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். தெருவில் நாய் விஷயத்துக்கும் கார் நிறுத்தும் விஷயத்துக்கும் எத்தனையோ சண்டை நடந்தது. பணத்துக்காக ஒரு சண்டையும் நடந்ததில்லை.

உங்கள் கடிதத்தில் உள்ள எண்களைக் கூட்டிப் பார்த்தேன். வரவு 64,200. மண்டபம் 18,000, சாப்பாடு 26,750, நாற்காலியும் பந்தலும் 6,600. செலவு 51,350. மீதி சரியாக இருக்கிறது, வேலை பாதி முடிந்த மாதிரிதான். ரசீதுகளோடு இதைக் குழுவில் போடுங்கள். மீதியை என்ன செய்வது என்று அந்த 214 பேரிடம் கேட்டு, சொல்கிறபடி செய்யுங்கள். அதுவரை இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்கிற மாதிரி ஒரு கூட்டுக் கணக்கில் அது இருக்கட்டும். அந்த இன்னொரு கையெழுத்து உங்கள் கணவருடையதாக இருக்க வேண்டாம்.

சங்கமாகப் பதிவு செய்வதா?

இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் பதியலாம். ஆனால் துணைவிதி, நிர்வாகக் குழு, வருடாந்திரப் பொதுக்கூட்டம், வருடா வருடம் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் என்று வேலை இருக்கிறது. ஏற்கெனவே ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஓய்ந்துபோகிறவர் இதையும் சுமக்க முடியாது. நடந்து முடிந்த தகராறிலிருந்து பதிவு உங்களைக் காப்பாற்றாது. வருடா வருடம் திருவிழா, நன்கொடை, வாடகைக்கு இடம் என்று போகும் நாளில், கூடவே வேலை செய்ய ஏழு பேர் நிஜமாகவே இருந்தால், அப்போது யோசிக்கலாம்.

விதையைப் பரிமாறிக்கொள்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள். உழவர்கள் தாங்கள் விளைவித்த விதையைச் சேமிக்க, மாற்றிக்கொள்ள, விற்கவும்கூட 2001-ஆம் வருடத்துப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. பிராண்டு பெயர் போட்டு விற்பதற்கு மட்டும் அந்த உரிமை பொருந்தாது. வீட்டு மாடியில் காய்த்ததைக் கைக்குக் கை கொடுப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை. பாக்கெட், பெயர், விலை என்று விதை வியாபாரம் ஆரம்பித்தால் விதைச் சட்டமும் உரிமமும் வரும். குழுவில் விற்பதற்கு நீங்கள் கமிஷன் வாங்க ஆரம்பித்தாலும், மேலே நான் சொன்ன ஆறுதல்கள் அப்படியே பொருந்தாது.

ஐயாயிரம் பேர் எதற்கு?

உங்களுடைய இன்னொரு அட்மின் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. நீங்கள் ஏற்கெனவே விளிம்பில்தான் நிற்கிறீர்கள். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொரு எண். 940 பேரில் வாய்திறந்து பேசுகிறவர்கள் நாற்பது பேர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலும் பதில் சொல்கிறவர் பெரும்பாலும் நீங்கள் ஒருவர். ஐயாயிரம் ஆனாலும் பதில் சொல்கிறவர் நீங்கள் ஒருவராகவே இருந்தால், அது உங்கள் உடம்பைக் கெடுக்கும் ஒரு ஹெல்ப்லைன், அவ்வளவுதான்.

ஏன் எல்லாக் கேள்வியும் உங்களிடமே வருகிறது என்று யோசித்துப் பார்த்தீர்களா? கேட்டவுடன் ஐந்து நிமிடத்தில் நீங்கள் பதில் போட்டுவிடுகிறீர்கள். அன்பால்தான் செய்கிறீர்கள். ஆனால் தெரிந்த மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. நாளையிலிருந்து ஒரு கேள்வி வந்தால் ராத்திரிவரை பொறுங்கள். இல்லாவிட்டால், "ரோஜா வைத்திருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்களேன்" என்று மட்டும் எழுதுங்கள். முதல் வாரம் அமைதியாக இருக்கும், சங்கடமாகவும் இருக்கும். தாங்கிக்கொள்ளுங்கள்.

தப்பான பதில் வந்தால் என்ன செய்வது என்ற உங்கள் கவலை நியாயம்தான். கத்தரிக்காய்க்கு மோனோகுரோட்டோபாஸ் அடிக்கச் சொன்னவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காய்கறிகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்த நம் நாட்டில் 2005-லேயே தடை வந்துவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் மட்டும் உடனே குறுக்கே போங்கள், ஆளைத் திட்டாமல் மருந்தைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். மாவுப்பூச்சிக்கு வேப்ப எண்ணெயில் சோப்புக் கரைசல் எவ்வளவு என்று வாரம் நாலு பேர் கேட்கிறார்கள் அல்லவா? அதை ஒரே ஒரு முறை ஒழுங்காக எழுதி, குழு விவரத்தில் இணைப்பாகப் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் நேற்றுச் சொன்னது இன்று அடியில் போய்விடும். சேர்த்துவைக்க வெளியே ஓர் இடம் வேண்டும்.

பிறகு குழுவைச் சின்னச் சின்னதாகப் பிரியுங்கள். கலைக்கச் சொல்லவில்லை. 2022 நவம்பரில் வாட்ஸ்அப்பில் 'கம்யூனிட்டி' என்று ஒன்று வந்தது, ஒரு குடைக்குக் கீழே பல சின்னக் குழுக்கள். கோவை, திருப்பூர், ஈரோடு என்று ஊர்வாரியாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் நூறு, நூற்றைம்பது பேர். மூட்டை மண்புழு உரம் வாங்கினால் சேர்ந்து வாங்கலாம், நாற்று மீந்தால் சாயங்காலம் வண்டியில் போய்க் கொடுக்கலாம். விற்பனைக்குத் தனியாக ஒரு குழு. அங்கே ஒரே விதி: விற்பவர் தன் பெயர், ஊர், விதை எடுத்த மாதம் மூன்றையும் எழுத வேண்டும்.

இதில் பெண்களுக்கு இன்னொரு நன்மை. பூச்செடிப் படம் போட்ட மறுநாளே முன்பின் தெரியாதவரிடமிருந்து 'ஹாய்' வருகிறது, அதனாலேயே பெண்கள் பலர் சத்தமில்லாமல் வெளியேறுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் குழு வளராததற்கு நீங்கள் தேடும் காரணத்தில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் மற்ற உறுப்பினர்களுக்கு நம் எண் தெரியாது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொடர்ந்து செய்தி அனுப்பினால் அது பின்தொடர்தல் என்ற குற்றம், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு. ஒரு பெண் புகார் சொன்னால் அவரை ஆதாரம் கேட்டு அலைக்கழிக்காமல், அனுப்பியவரை அன்றைக்கே நீக்குங்கள். அவர் உங்கள் சொந்தக்காரராக இருந்தாலும் சரி. அந்த ஒரு நாளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பேசாத 900 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விதிகளை நீங்கள் தனியாக எழுதாதீர்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து தன்னார்வலர்களால் ஓடுகிறது. பொதுவாக எதைப் பேசுவதென்றாலும் அவர்களுக்கு 'ஆலமரத்தடி' என்று ஒரு பக்கம் உண்டு. நிர்வாகியாக யார் வர வேண்டும் என்பதும் அங்கே பயனர்கள் பேசி, வாக்களித்து முடிவாகிறது. உங்களுக்கும் அப்படி ஒரு ஆலமரத்தடி வேண்டும். நாலே நாலு விதி போதும், வாக்கெடுப்பு வசதியும் வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது.

குழு யாருடையது?

இன்னொரு அட்மினைப் பற்றிச் சுருக்கமாக. வாட்ஸ்அப்பில் குழுவைத் தொடங்கியவரை வேறு அட்மின் நீக்க முடியாது, அவராக வெளியேறினால்தான் உண்டு. ஆகவே கோபத்தில் 'லெஃப்ட்' ஆகிவிடாதீர்கள். ஃபேஸ்புக்கிலும் ஒரு குழு தொடங்கினால், மற்றவர்களை மாடரேட்டர் ஆக்குங்கள். அட்மின் பொறுப்பை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். ஆனால் 'என் குழு' என்று நீங்கள் சொல்வதும் முழுசாகச் சரியில்லை. 940 பேர் மனசுவைத்து வந்து உட்கார்ந்திருக்கும் இடம் அது, பத்திரம் போட்டு எழுதிவைக்கும் சொத்து இல்லை. அவருக்கு வளர்க்கும் ஆர்வம் இருக்கிறது. ஏதாவது ஓர் ஊர்க் குழுவை முழுப் பொறுப்போடு அவரிடம் கொடுத்து ஆறு மாதம் பாருங்கள்.

வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள்: இந்த வாரம் திருவிழாக் கணக்கு, அடுத்து விதை கிட் பற்றிய உங்கள் நாலு வரி. புகார் கொடுப்பவர்களுக்கு விவரம் சேர்த்துத் தருவது அதற்குப் பிறகு. ஊர்வாரியாகப் பிரிப்பதை ஆடிப்பட்டத்துக்கு முன்னால் முடித்தால் நல்லது. ஆளாளுக்கு விதை கேட்கும் நேரம் அது, சின்னக் குழுவில் கைமாறுவது சுலபம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு போன் செய்யுங்கள். மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து மூக்குத்தி அவரை விதையைச் செய்தித்தாளில் மடித்து, மேலே 'தை மாதம் எடுத்தது' என்று எழுதி அனுப்பிய பாட்டியைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள் அல்லவா? அவருக்கு டைப் பண்ணத் தெரியாது, குரலில்தான் பேசுவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பந்தல் காய்கறிக் கேள்வியெல்லாம் இனிமேல் நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா பாட்டி என்று அவரிடம் கேளுங்கள்.